சிறிய காரும் மந்தர ஒலியும்

பயணமும் பாட்டும் மிகப் பழைய தோழர்கள். ஓடம் வலிப்பவன் பாடினான். பார வண்டியில் இரவெல்லாம் வழி கடந்தவன் தெம்மாங்கைத் துணைக்கு அழைத்துக்கொண்டான். மோட்டார் கார் தோன்றிய பிறகே இந்தத் தோழமையில் பிளவு ஏற்பட்டது. எஞ்சினின் இரைச்சலும், சக்கரங்களின் உருளோசையும், காற்றின் சீற்றமும் ஒன்றுசேர்ந்து மனிதக் குரலை விழுங்கிவிட்டன. அவ்வாறு விழுங்கப்பட்ட இசையை மீட்டுக்கொள்ள மனிதன் செய்த முயற்சிகளின் வரலாற்றைத்தான் இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதிலும் குறிப்பாக, இருவர் மட்டுமே அமரத்தக்க சின்னஞ்சிறு ஸ்போர்ட்ஸ் காருக்குள், ஆழ்ந்த மந்தர ஒலியைக் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் குடியேற்றிய கதையே என் பேச்சின் பொருள்.

காருக்குள் பெட்டி வைத்து இடி முழக்குவது இளைஞர்களின் பொழுதுபோக்கு அன்றோ, அதற்கும் ஒரு வரலாறு உண்டோ என்று சிலர் வினவக்கூடும். உண்டு. அந்த வரலாற்றில் பௌதிகம் இருக்கிறது, வாணிபம் இருக்கிறது, நாடு கடந்து சென்ற ஒரு வங்காளியின் மகன் இருக்கிறார், நம்மைப் போன்ற ஒரு வானொலி நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் ஒருவரும் இருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் செவியின் நலம் பற்றிய ஒரு கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது.

மந்தர ஒலி இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்பதை முதலில் பார்ப்போம். மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வலந்தலையில் எழும் ஒலி கூர்மையானது. எந்தச் சிறு ஒலிபெருக்கியிலும் அது ஓரளவு கேட்டுவிடும். இடப்புறத்துத் தொப்பியின் நடுவிலோ வித்துவான் ரவையைப் பிசைந்து அப்புகிறார். தோலின் பாரம் கூடுகிறது. பாரம் கூடியதால் அதன் அதிர்வு மெதுவாகிறது. அதிர்வு மெதுவானதால் நாதம் தாழ்கிறது. அந்தத் தாழ்ந்த கும்காரத்தை அகற்றிவிட்டு மிருதங்கத்தைக் கேட்பது, அடித்தளம் இல்லாத வீட்டின் மாடியை மட்டும் பார்ப்பதற்கு ஒப்பாகும். மனிதச் செவி, நொடிக்கு ஏறத்தாழ 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை உணரவல்லது. இந்த எல்லையின் கீழ்ப்பகுதியில் இருப்பதே மந்தர ஒலி. ஓடும் காரின் இரைச்சலும் பெரும்பாலும் இதே கீழ்ப்பகுதியில்தான் குவிகிறது. ஆகவே காருக்குள் முதலில் மறைவது மந்தரமே. வலந்தலை கேட்கும், தொப்பி கேளாது.

இனி வரலாற்றுக்கு வருவோம். இன்று நாம் அறிந்த கூம்பு வடிவ ஒலிபெருக்கியின் இலக்கணத்தை வகுத்தவர்கள், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர். 1925-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை, காந்தப் புலத்தினுள் அசையும் ஒரு கம்பிச் சுருள் காகிதக் கூம்பை முன்னும் பின்னும் இயக்கி ஒலியை எழுப்பும் முறையை விளக்கியது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கடந்தும் அந்த இலக்கணம் அடிப்படையில் மாறவில்லை. கூம்பின் அளவு மாறியது, பொருள் மாறியது, காந்தம் வலுப்பெற்றது, தத்துவம் அதுவேதான்.

அந்தக் கட்டுரை வெளிவந்து ஐந்து ஆண்டுகளில் ஒலிபெருக்கி காருக்குள் ஏறிவிட்டது. சிகாகோ நகரில் பால் கால்வின் என்பவர் 1928-இல் ஒரு சிறு தொழிற்சாலையைத் தொடங்கியிருந்தார். 1930-இல், காரில் பொருத்தத்தக்க வானொலிப் பெட்டி ஒன்றை அவருடைய ஆட்கள் உருவாக்கினர். வானொலி உற்பத்தியாளர்களின் மாநாடு அட்லாண்டிக் சிட்டியில் நடைபெற இருந்தது. கால்வின் தம் ஸ்டூடிபேக்கர் காரிலேயே பெட்டியைப் பொருத்திக்கொண்டு, 1,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை ஓட்டிச் சென்றார். மாநாட்டில் அவருக்குக் கடை இல்லை. ஆகவே காரை வெளியே நிறுத்தி, வானொலியை முழக்கி, வருவோர் போவோரை அழைத்துக் காட்டினார். அந்தப் பெட்டிக்கு அவர் இட்ட பெயர் 'மோட்டரோலா'. பின்னாளில், 1947-இல், அந்தப் பெயரே நிறுவனத்தின் பெயராயிற்று.

கால்வினைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. வங்கியாளர் ஒருவரிடம் கடன் பெற வேண்டி, அவருடைய பக்கார்டு காரில் ஒரு வானொலிப் பெட்டியைப் பொருத்திக் கொடுத்தாராம், அரை மணி நேரத்தில் கார் தீப்பற்றிக்கொண்டதாம், கடனும் கிடைக்கவில்லையாம். காருக்குள் மின்கம்பி இழுப்போர் அனைவரும் இக்கதையை நெஞ்சில் நிறுத்த வேண்டும். ஏன் என்பதைச் சற்றுப் பின்னர் சொல்கிறேன்.

ஐரோப்பாவில் 1932-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிளாவ்புங்க்ட் நிறுவனம் கார் வானொலியைக் கொணர்ந்தது. அதன் எடை ஏறத்தாழ 15 கிலோகிராம். விலை 465 ரைஷ்மார்க். அக்காலப் பெட்டிகளில் இருந்தவை வெற்றிடக் குழாய்கள். அவற்றுக்கு உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். காரின் பாட்டரியோ 6 வோல்ட் அளவே தரும். ஆகவே தனி பாட்டரிகளைத் தரைக்கடியில் அடுக்கினர். பிறகு மின்னழுத்தத்தை உயர்த்தும் அதிர்வுக் கருவிகளைச் சேர்த்தனர். இத்தனை பொறிகளைச் சுமந்த காரில் பெரிய ஒலிபெருக்கிக்கு இடம் ஏது? கிடைத்த மூலையில் ஒரு சிறு கூம்பு அமர்ந்தது. கிடைத்த ஒலியில் மக்கள் மகிழ்ந்தனர். 1955-இல் கிறைஸ்லர், பில்கோ என்ற இரு நிறுவனங்கள் முழுவதும் டிரான்சிஸ்டர்களால் அமைந்த கார் வானொலியை அறிவித்தன. அதன் பிறகே பெட்டியின் எடை குறைந்தது, வெப்பம் குறைந்தது, பாட்டரியின் சுமையும் குறைந்தது. ஆயினும் மந்தர ஒலி மட்டும் வரவில்லை.

அது வராமைக்குக் காரணம் பௌதிகத்தின் கண்டிப்பு. ஓர் ஒலியை ஒரு ஸ்தாயி கீழே இறக்கி, அதே வலிமையுடன் திறந்த வெளியில் ஒலிக்கச் செய்ய வேண்டுமானால், ஒலிபெருக்கி முன்னைவிட நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். மேலும், கூம்பு முன்னே தள்ளும் காற்றும் பின்னே இழுக்கும் காற்றும் ஒன்றையொன்று சந்தித்தால் ஒலி அழிந்துபோகும். அதனைத் தடுக்கப் பெட்டி வேண்டும். அக்காலத்தில் மந்தர ஒலி தரும் பெட்டி என்றால் அது அலமாரி போன்றதொரு பெட்டி. வீட்டுக் கூடத்துக்கே பெரிதாக இருந்த பெட்டி காருக்குள் எங்ஙனம் நுழையும்?

இந்தப் பூட்டைத் திறந்தவர் எட்கர் வில்ச்சர். நியூயார்க்குப் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவைக் குறித்து மாலை வகுப்புகள் நடத்தி வந்த ஆசிரியர் அவர். 1954-ஆம் ஆண்டில் அவர் கண்ட உண்மை மிக எளியது. கூம்பைத் தாங்கும் விளிம்பு, அதனைத் தன் நிலைக்கு மீட்டுக் கொணரும் வில்லாகப் பயன்படுகிறது. அந்த வில் கடினமாக இருக்க வேண்டும் என்று மற்றவர் எண்ணியிருந்தனர். வில்ச்சரோ விளிம்பை மிகவும் தளர்வாக்கி, கூம்பைக் காற்றுப்புகாத சிறு பெட்டியில் அடைத்தார். பெட்டிக்குள் அடைபட்ட காற்றே வில்லாயிற்று. துணியும் காகிதமும் தரும் வில்லைக் காட்டிலும் காற்றின் வில் சீரானது. ஆதலின் சிறிய பெட்டி பெரிய பெட்டியை விஞ்சும் தெளிவுடன் மந்தரம் பாடியது. தம் மாணவரான ஹென்றி கிளாஸ் என்பவருடன் சேர்ந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் அவர் ஒரு நிறுவனம் கண்டு அதனை விற்பனைக்குக் கொணர்ந்தார். இன்று காரில் மறைத்து வைக்கப்படும் மூடிய பெட்டிகள் எல்லாவற்றுக்கும் தாய் அந்தப் பெட்டியே.

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. இதை விதியாகவே வகுத்துச் சொன்னவர் ஜோசப் ஆண்டன் ஹாஃப்மன் என்ற பௌதிக அறிஞர். சிறிய பெட்டி, ஆழ்ந்த மந்தரம், குறைந்த மின்சாரத்தில் உரத்த ஒலி என்ற இம்மூன்றில் எவையேனும் இரண்டைப் பெறலாம். மூன்றையும் ஒருங்கே பெற முடியாது என்பது அவர் விதி. ஒலிபெருக்கித் தொழிலாளர் இதனை 'ஹாஃப்மனின் இரும்பு விதி' என்று வழங்குவர். இவருடைய தந்தை, உலகப் புகழ்பெற்ற பியானோ மேதை ஜோசப் ஹாஃப்மன். இசைமேதையாகிய அத் தந்தை, கார் குலுங்காமல் ஓடுவதற்குரிய அதிர்வு தாங்கிகளுக்குக் காப்புரிமை பெற்றவரும் ஆவார். தந்தை காரின் குலுக்கலை அடக்கினார்; மைந்தர் மந்தர ஒலியின் எல்லையை வகுத்தார்.

இரும்பு விதியைக் கணக்காக மாற்றித் தந்தவர்கள் ஆஸ்திரேலியாவில் இருந்தனர். நெவில் தீல் என்ற பொறியாளர் 1961-இல், துளையிட்ட பெட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். துளையிட்ட பெட்டி என்பது கடத்தின் தத்துவமே. கடத்தின் வாயைத் தம் வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் வித்துவான் நாதத்தை மாற்றுவதைக் கண்டிருப்பீர்கள். உள்ளிருக்கும் காற்றின் அளவும் வாயின் அளவும் சேர்ந்து அந்த நாதத்தை முடிவு செய்கின்றன. இதனைத் தீல் முழுமையான கணிதமாக்கினார். 1962 முதல் அவர் ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனத்தில் பணியாற்றினார் என்பது வானொலியில் பேசும் எனக்கு மகிழ்ச்சி அளிக்கும் செய்தி. அவருடைய கட்டுரை தாய்நாட்டுச் சஞ்சிகையில் பத்து ஆண்டுகள் உலகின் கண்ணில் படாமல் கிடந்தது. 1971-இல் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்று அதனை மறுபதிப்புச் செய்த பின்னரே அதன் பெருமை விளங்கிற்று. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ரிச்சர்ட் ஸ்மால் அதனை விரித்து, 1970-களின் தொடக்கத்தில் வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டார். அன்றுதொட்டு, ஓர் ஒலிபெருக்கியின் சில எண்களை அறிந்தால் அதற்கு எத்தனை லிட்டர் பெட்டி வேண்டும் என்பதைத் தாளிலேயே கணக்கிட முடிந்தது. தச்சன் ஊகித்துச் செய்த பெட்டி, கணக்கறிந்து செய்யும் பெட்டியாயிற்று.

ஆங்கிலத்தில் நாயின் கனத்த குரைப்பை 'வூஃப்' என்பர். அதனால் தாழ்ந்த ஒலி தரும் ஒலிபெருக்கிக்கு 'வூஃபர்' என்ற பெயர் வந்தது. அதற்கும் கீழ்ப்பட்ட ஒலிக்கென்றே அமைந்தது 'சப்வூஃபர்'. 1974-இல் வெளியான 'எர்த்குவேக்' என்னும் திரைப்படத்திற்காக, நிலநடுக்கத்தைப் பார்ப்பவர் உடலிலேயே உணருமாறு, திரையரங்குகளில் மாபெரும் மந்தர ஒலிபெருக்கிகளை அடுக்கினர். உலகம் சப்வூஃபரின் ஆற்றலை உணர்ந்தது அப்போதுதான். ஆனால் அரங்கில் இடம் இருந்தது, காரில் இல்லை.

காரை ஓர் இசைக்கூடமாகக் கருதி முறையாக ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் அமர் போஸ். அவருடைய தந்தை நோனி கோபால் போஸ், ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்று, கல்கத்தாவை விட்டு அமெரிக்கா சேர்ந்த வங்காளி. 1929-இல் பிலடெல்பியாவில் பிறந்த அமர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சிறு வயதிலேயே பழுதான வானொலிப் பெட்டிகளைச் செப்பனிட்டுக் குடும்பத்துக்கு உதவினார். பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரானார். 1964-இல் தம் பெயரால் ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு அவர் கொண்ட ஒப்பந்தத்தின் பயனாக, 1983-ஆம் ஆண்டு மாடல் கார்கள் சிலவற்றில், காரின் உள்ளமைப்புக்கென்றே தனியாக வகுக்கப்பட்ட ஒலியமைப்பு தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. அடுத்த ஆண்டு மாடலில் கார்வெட் என்னும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் அது வந்தது. அதுவரை கார் முடிந்தபின் ஒலிபெருக்கிக்கு இடம் தேடினர்; போஸ் வந்தபின், காரை வகுக்கும்போதே ஒலிக்கும் இடம் ஒதுக்கினர். 2013-இல் அவர் மறைந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, தம் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளைத் தாம் கற்பித்த கழகத்துக்கே கொடையாக அளித்துவிட்டார்.

இனி, சின்னஞ்சிறு காரிடம் வருவோம். கால்வின் தொழில் தொடங்கிய அதே சிகாகோ நகரில், 1989-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஜப்பானிய மாஸ்டா நிறுவனம் 'எம்எக்ஸ்-5' என்ற ஸ்போர்ட்ஸ் காரை உலகுக்குக் காட்டியது. அமெரிக்காவில் அது 'மியாட்டா' என்ற பெயரோடு விற்பனைக்கு வந்தது. நீளம் 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, இருக்கைகள் இரண்டே, மேலே மடக்கத்தக்க துணிக்கூரை. குதிரையும் வீரனும் ஓருடலாய் இயங்குவது போல வண்டியும் ஓட்டுபவனும் இயங்க வேண்டும் என்பது அதன் குறிக்கோள். 2016-ஆம் ஆண்டளவில் அந்தக் காரின் உற்பத்தி பத்து லட்சத்தை எட்டிற்று. மந்தர ஒலியை நாடுவோருக்கு இதைவிடக் கடினமான சோதனைக்களம் வேறில்லை.

அதன் காரணத்தை ஒரு கடிதத்தின் வழியாகச் சொல்கிறேன். பல ஆண்டுகள் கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவன் நான். என் பழைய மாணவர் ஒருவர் அமெரிக்காவில் வாழ்கிறார். முதல் தலைமுறையைச் சேர்ந்த இத்தகைய கார் ஒன்றை அவர் வாங்கியிருந்தார். "ஐயா, மிருதங்கத்தின் தொப்பி கேட்கவில்லை. பெட்டி வைக்க இடமும் இல்லை. வைத்தாலும் காரின் அழகு கெடாமல் மறைய வேண்டும். என்ன செய்யலாம்?" என்று எழுதிக் கேட்டார். நான் அவருக்கு எழுதிய விடையின் சுருக்கம் இது.

முதலில் டிக்கியை மறந்துவிடுக. மற்றக் கார்களில் சப்வூஃபருக்கு இயல்பான இடம் டிக்கிதான். இந்தக் காரிலோ டிக்கிக்கும் இருக்கைகளுக்கும் நடுவே இரும்புத் தகடும் பெட்ரோல் தொட்டியும் நிற்கின்றன. அங்கே முழங்கும் ஒலி உள்ளே வராது. தகட்டைத் துளைக்கலாம் என்ற எண்ணம் கனவிலும் வேண்டாம். அதன் பின்னால் இருப்பது பெட்ரோல். எஞ்சியுள்ள இடங்கள் இரண்டு. ஒன்று, இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள குறுகிய திட்டு. மற்றொன்று, ஓட்டுபவருக்கு அருகில் அமர்பவர் கால் நீட்டும் பள்ளம். அந்தப் பள்ளத்தின் முன்கோடியில், தரையின் வளைவுக்கேற்பக் கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு ஒரு பெட்டியை வார்த்து, அதன்மேல் காரின் கம்பளத்தையே போர்த்திவிட்டால், பார்ப்பவர் கண்ணுக்குப் பெட்டி இருப்பதே தெரியாது. 8 அங்குல வூஃபருக்கு 10 முதல் 15 லிட்டர் கொள்ளும் மூடிய பெட்டி பெரும்பாலும் போதும். கால் பட்டாலும் கூம்பு சிதையாதபடி மேலே உறுதியான இரும்பு வலை வேண்டும். ஓட்டுபவரின் காலடியில் மட்டும் எதையும் வைத்தலாகாது. பெட்டியைத் திருகுகளால் தரையோடு பிணைக்க வேண்டும். விபத்தில் பிணைப்பற்ற பெட்டி எறிகல்லாகிவிடும்.

கம்பி இழுக்கும்போது கால்வினின் வங்கியாளரை நினைத்துக்கொள்க. 300 வாட் தரும் பெருக்கி, 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 25 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கும். அத்தகைய கம்பி எங்கேனும் உராய்ந்து தகட்டைத் தொட்டால் நெருப்பு எழும். ஆகவே பாட்டரியின் முனையிலிருந்து ஒரு சாணுக்குள்ளாகவே ஃப்யூஸ் இருத்தல் வேண்டும். ஃப்யூஸ் காப்பது பெருக்கியை அன்று. கம்பியையும் காரையும் உள்ளிருப்போரையுமே.

இவ்வளவும் எழுதிய பின் மாணவருக்கு ஒரு நற்செய்தியும் எழுதினேன். காரின் சிறுமையே அவருக்குத் துணை நிற்கும் என்பது அச்செய்தி. 50 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். காரின் உட்புறமோ 2 மீட்டர் அளவே. அலை முழுதாக விரிய அங்கே இடமில்லை. எனவே, ஏறத்தாழ 85 அதிர்வுக்குக் கீழே, ஒலி அலையாகப் பரவாமல், சைக்கிள் பம்பினுள் காற்றைப் போல, உள்ளிருக்கும் காற்று முழுவதையும் ஒருங்கே அமுக்கியும் தளர்த்தியும் நிற்கிறது. அதிர்வு தாழத் தாழ இந்த அமுக்கம் கூடுகிறது. மூடிய பெட்டியின் ஒலியோ அதிர்வு தாழத் தாழக் குறைவது. ஒன்றன் இறக்கத்தை மற்றொன்றின் ஏற்றம் பெரும்பகுதி ஈடுசெய்கிறது. பெரிய காரில் இந்த உதவி இன்னும் தாழ்ந்த அதிர்விலேதான் தொடங்கும். சிறிய காரில் முன்னதாகவே தொடங்கிவிடும். இரும்பு விதியின் பிடி இங்கே சற்றுத் தளர்கிறது. துணிக்கூரையை மடக்கிவிட்டால் மட்டும் இந்த உதவி காற்றோடு போய்விடும்.

மறைத்து வைத்தல் இயல்வதற்கும் இந்த நீண்ட அலைநீளமே காரணம். ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை, இரு செவிகளுக்கும் இடையே உண்டாகும் நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே நாம் அறிகிறோம். சிறிய அறையில் மிகத் தாழ்ந்த ஒலிக்கு அந்த வேறுபாடு பெரும்பாலும் புலப்படுவதில்லை. ஆதலின் 80 அதிர்வுக்கு மேற்பட்டவற்றை வடிகட்டி நீக்கிவிட்டால், காலடியில் எழும் முழக்கம், முன்னால் பாடுபவருடைய ஒலியோடு ஒன்றி, அங்கிருந்தே வருவதாகத் தோன்றும். வடிகட்டத் தவறினாலோ, பெட்டி அதிர்ந்து கடகடத்தாலோ, ஒளிந்திருப்பது உடனே வெளிப்பட்டுவிடும். பிற்காலத்து எம்எக்ஸ்-5 கார்களில், போஸ் நிறுவனம் தலை சாய்க்கும் மெத்தைகளில் சிறு ஒலிபெருக்கிகளை ஒளித்து வைத்தது.

நேயர்களே, இங்கேதான் நான் முதலில் குறிப்பிட்ட கேள்வி எழுகிறது. இது நன்மையா, தீமையா? 1930-ஆம் ஆண்டிலேயே, கார் வானொலி ஓட்டுபவரின் கவனத்தைக் கலைக்கும் என்று கூறி, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அதைத் தடை செய்ய முயன்றவர்கள் உண்டு. இன்று தெருவே அதிர முழங்கிச் செல்லும் கார்களைக் காணும்போது அவர்கள் சொன்னதில் ஒரு பகுதி உண்மை என்றே தோன்றுகிறது. 85 டெசிபல் அளவுள்ள ஒலியை ஒருவர் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்று அமெரிக்கத் தொழில்நல ஆராய்ச்சியாளர் வரையறுத்துள்ளனர். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குக் கால் மணி நேரமே எல்லை. செவியின் நுண்மயிர் அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

ஆயினும் மந்தர ஒலியே குற்றவாளி என்று தீர்ப்புக் கூற நான் உடன்படேன். 1933-இல் ஹார்வி ஃப்ளெட்சர், வில்டன் மன்சன் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் செவியின் இயல்பொன்றை அளந்து காட்டினர். ஒலியின் வலிமையைக் குறைத்துக்கொண்டே வந்தால், நம் செவிக்கு முதலில் மங்குவது மந்தரமே. மந்தரம் மங்கினால் இசை மெலிந்து போகிறது. மெலிந்த இசையை நிறைவு செய்ய, கேட்பவர் ஒலி முழுவதையும் உயர்த்துகிறார். வலந்தலையின் கூர்மை செவியைத் தாக்கும்வரை உயர்த்திய பிறகும், தொப்பி நிறைவாகக் கேட்பதில்லை. மந்தரத்தை மட்டும் தனியே, அளவாக ஊட்டக்கூடிய ஒரு பெட்டி இருந்தால், மற்ற ஒலிகளைத் தாழ்த்தியே வைக்கலாம். ஆகவே மறைந்திருக்கும் அந்தப் பெட்டியின் நற்பயன், ஒலியை உயர்த்துவதில் இல்லை. தாழ்த்துவதிலேயே இருக்கிறது என்பது என் துணிபு. தன் காலடியில் அடங்கி ஒலிக்கும் பெட்டியை வைப்பவர் இசையை விரும்புகிறார். தெருவுக்குக் கேட்கட்டும் என்று வைப்பவர் தம்மையே விரும்புகிறார்.

இதனை நான் வெறும் ஏட்டறிவால் சொல்லவில்லை. முதுமையில் என் செவி தளர்ந்து, இப்போது நான் செவிக்கருவி அணிந்தே கேட்கிறேன். அந்தக் கருவிக்கும் இந்தக் கதைக்கும் ஓர் உறவு உண்டு. சிறிய பெட்டியில் மந்தரம் பாட வைத்த எட்கர் வில்ச்சர், 1967-இல் தம் நிறுவனத்தை விற்றுவிட்டார். அதன் பின்னர், காது கேளாதோருக்கான கருவிகளைப் பற்றிய ஆராய்ச்சியில் அவர் இறங்கினார். தாழ்ந்த ஒலிகளையும் உயர்ந்த ஒலிகளையும் தனித்தனியே பிரித்து, மெல்லியவற்றை மிகுதியாகவும் வலியவற்றைக் குறைவாகவும் பெருக்கும் முறையை அவர் ஆராய்ந்து வகுத்தார். இன்றைய செவிக்கருவிகள் பலவற்றின் அடிப்படை அதுவே. அம்முறைக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. யாவரும் பயன்படுத்தட்டும் என்று பொதுவில் விட்டுவிட்டார். 2011-இல் தம் 94-ஆம் வயதில் அவர் மறைந்தார். பெட்டிக்கு உரிமை கொண்ட மனிதர், கேளாத செவிக்குச் செய்த உதவிக்கு உரிமை கொள்ளவில்லை.

என் மாணவர் தம் பெட்டியை வார்த்து முடித்துவிட்டதாக எழுதியிருக்கிறார். அடுத்த இருக்கையில் அமரும் அவர் மனைவிக்கு முதல் இரண்டு நாள் அது தெரியவே இல்லையாம். தெரிந்தபின், காலை நீட்ட இடம் குறைந்ததை மட்டும் குறையாகச் சொன்னாராம். கச்சேரிப் பதிவுகளை முன்னைவிடத் தாழ்ந்த ஒலியில் இருவரும் கேட்பதாகவும் எழுதியிருந்தார். பௌதிக ஆசிரியன் ஒருவனுக்கு இதைவிட நிறைவளிக்கும் விடைத்தாள் வேறு ஏது?

காரில் இசை கேட்கும் நேயர்கள் இன்று வீடு திரும்பும்போது ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மந்தரம் நிறைவாகக் கேட்கும் அளவுக்கு மட்டும் அதனைக் கூட்டி, மற்ற ஒலியைப் பக்கத்தில் இருப்பவரோடு குரல் உயர்த்தாமல் பேசும் அளவுக்குக் குறைத்துவிடுங்கள். பின்னால் வரும் வண்டியின் மணியோசையும் கேட்கும். தொப்பியின் கும்காரமும் கேட்கும். முதுமையிலும் அவ்விரண்டையும் கேட்கும் செவி உங்களுக்கு வாய்க்கட்டும்.